எந்தக் கட்சிப் படிப்பகம்?

தென்காசிக்கும் இலஞ்சிக்கும் நடுவே எழும்பப்போகும் எட்டு மாடிக் குடியிருப்பின் வரைபடம் நான் போட்டது. எங்கள் ஊருக்கு எட்டு மாடி என்பதே பெரிய உயரம். அதில் மூன்றாவது மாடியில் ஒரு வீடுகூட வைக்காமல் விட்டிருந்தேன். அந்த மாடி படிப்பதற்கு. பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. அங்கே குடியிருக்கிற எந்த வயதுக்காரரும் லிஃப்டில் வந்து இறங்கி, கம்ப்யூட்டரோ, தையலோ, வரவு செலவுக் கணக்கோ, எழுத்துக் கூட்டி வாசிக்கவோ கற்றுக்கொள்ளலாம். சொல்லிக்கொடுக்கவும் அதே கட்டடத்தில் ஆள் இருப்பார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் இல்லாத குடியிருப்பு தென்காசியில் உண்டா?

இந்த யோசனை எனக்குக் கல்லூரியில் வரவில்லை. வீட்டில் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெருமையாகவே சொல்கிறேன், அதில் கூச்சம் எதற்கு. வேலைக்குப் போகத் தொடங்கியதும் அம்மாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். பீடித் தட்டை மடியிலிருந்து இறக்காமலே அவளும் உட்கார்ந்தாள். 'ஈ'யைத் தாண்ட முடியவில்லை. நான் குரலை உயர்த்தினால், "ஏட்டி, நான் ஒன்னப் பெத்தவளா, நீ என்னப் பெத்தவளா?" என்பாள். ஒவ்வொரு முறையும் சண்டையில் முடியும். வெளியே ஒரு வகுப்புக்குப் போகச் சொன்னால், "கைநாட்டுன்னு தெருவே பாக்கணுமாக்கும்" என்பாள். வீட்டுக்குள் அவள் அம்மா. தெருவுக்கு வந்தால் கைநாட்டு. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. செருப்புப் போடாமலே போய்விட்டு வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் மகள் அங்கே இருக்கக் கூடாது.

கட்டடத்தைக் கட்டுகிறவர் பட்டாளத்தில் இருந்து திரும்பி இந்தத் தொழிலில் இறங்கியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி, எனக்கும். யோசனையைச் சொன்னதும், "புதுசா இருக்கும்மா. விளம்பரத்துக்கு ஆவும்" என்றார். நல்ல தமிழ்ப் பெயராக இருக்கட்டும் என்று வரைபடத்தில் 'படிப்பகம்' என்று எழுதினேன். அழகான சொல் என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

வீட்டுக்கு முன்பதிவு செய்தவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனையிலேயே கொட்டகை போட்டு அண்ணாச்சி கூப்பிட்டிருந்தார். வெளியே சாரல். வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு ஒட்டியிருந்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, வாசுதேவநல்லூரிலிருந்து வந்திருந்த ஒருவர் கேட்டார்: "இது எந்தக் கட்சிப் படிப்பகம்?"

கொட்டகையே சிரித்தது. எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. எங்கள் பக்கம் தெருமுனைகளில் படிப்பகம் உண்டு. வாசலில் கொடிக்கம்பம், சுவரில் தலைவர் படம், உள்ளே ஒரு பேப்பரும் கேரம் போர்டும். பெண்கள் அதைக் கடக்கும்போது நடையை எட்டிப் போடுவார்கள். நானும் அப்படி எட்டிப் போட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன். அந்தச் சொல்லை நான் அகராதியிலிருந்து எடுத்திருந்தேன். தெருமுனையோ எனக்கு முன்பே அதை எடுத்துக்கொண்டுவிட்டது.

"கட்சியெல்லாம் இல்ல சார். படிக்குத இடம்" என்றேன்.

முன்வரிசையில் இருந்த போலீஸ் ஏட்டு ஒருவர் எழுந்தார். "நான் டிபார்ட்மெண்ட்ல இருக்கேன். படிப்பகம் உள்ள கட்டடத்துல குடியிருக்காம்னு எவனாவது மொட்டக் கடுதாசி போட்டா, பதில் சொல்லுதது நானா, நீங்களா?"

"பேர மாத்திருவோம் சார், ஒரு வார்த்ததான!" என்று அண்ணாச்சி குறுக்கே விழுந்தார்.

ஏட்டின் மனைவி என்னைப் பார்த்தார். "அப்ப டியூசனா? நீட்டுக்குக் கோச்சிங் உண்டா?"

"பிள்ளைகளுக்கு மட்டுமில்லக்கா. பெரியவங்களுக்கும். உங்களுக்கும்."

"எனக்கா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் எம்.ஏ. முடிச்சிருக்கேன்."

மறுபடி சிரிப்பு. படித்தவர்களுக்கும் படிக்க மிச்சம் இருக்கிறது என்று நான் சொன்னது அந்தச் சிரிப்பில் போயிற்று. படிக்காதவர் யாராவது அங்கே இருந்திருந்தாலும், எனக்கு வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் கையைத் தூக்கியிருக்கமாட்டார். அதுதானே என் சிக்கலே.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஒரு ஹாலாப் போட்டா சடங்கு, நிச்சயதார்த்தம் வைக்கலாம்லா?"

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. "கல்யாண சீசனுக்கு வெளியாளுக்கும் வாடகைக்கு விடலாம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். என் மாடி போய்விட்டது.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணாச்சி சமாதானம் சொன்னார். "பேருதானம்மா மாறுது. இடம் அங்கனயேதான இருக்கு?"

வரைபடத்தில் பெயர் மாறினால் எல்லாமே மாறும். ஹால் என்றால் மேடை வேண்டும், சமையல்கட்டு வேண்டும், கைகழுவ வரிசையாகக் குழாய் வேண்டும், வெளியாள் ஏறிவரத் தனிப் படிக்கட்டு வேண்டும். பூட்டுகிற கதவு வேண்டும், சாவி அண்ணாச்சியிடம் இருக்கும். சாவி கேட்டு வாங்கி என் அம்மா மாதிரி யாரும் படிக்கப்போவதில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவைக் காட்டி இரக்கம் வாங்கவா நான் படித்தேன்? "சீசன் இல்லாத மாசம் சும்மாதான கிடக்கும்?" என்று மட்டும் கேட்டேன்.

யோசித்தார். "கிடக்கும். அப்பம் கதவத் தொறந்தே போட்டிருதேன், யாரு வேணும்னாலும் படிச்சிட்டுப் போட்டும். ஆனா வாசல்ல பேர்ப் போர்டு கிடையாது. சீசன் வந்தா ஒதுங்கிக்கிடணும்."

"வாழ்நாள் முழுவதும் கல்வி, சீசன் நீங்கலாக. விளம்பரத்துல அப்படியே போட்டிருவோமா அண்ணாச்சி?"

"அது நல்லாருக்காதும்மா" என்றார், உண்மையாகவே யோசித்துவிட்டு.

விலகிவிடு என்றார்கள் கூடப் படித்தவர்கள். விலகினால் வேறு ஆள் வரைவார், அவர் வரைந்தால் அந்த மீதி மாதங்களும் கிடைக்காது. நானே வரைந்தேன். மேடையும் சமையல்கட்டும் குழாய்களும் போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு 'ஹால்' என்றும் எழுதினேன். மேடையின் பின்சுவரை மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கரும்பலகையாக்கினேன். சுவரோடு சேர்த்துப் பூசுவது, யாரும் கழற்ற முடியாது.

அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "விசேஷ வீட்டுல கரும்பலகை எதுக்கும்மா?"

"மாப்பிள்ள பொண்ணு பேரு எழுத வேண்டாமா? தெர்மாகோல வெட்டி ஒட்டுத வேலை மிச்சம்லா."

"அடி சக்கை! படிச்ச பிள்ள படிச்ச பிள்ளதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வார்த்தையை யார் சொன்னாலும் எனக்கு நெஞ்சு நிமிரும். அன்று நிமிரவில்லை. எழுதிப் படிக்க ஓர் இடம் வேண்டும் என்று நேராகக் கேட்டபோது சிரித்தார்கள். கல்யாணத்தைக் காட்டிக் கேட்டதும் பாராட்டு கிடைக்கிறது. நன்றி அண்ணாச்சி என்றுகூடச் சொல்லாமல் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.