முதுகு காட்டி வாங்கிய துப்பாக்கி

"லோட்" என்று அவர் கத்தியதும் நான் லாரியைத் தேடினேன்.

என் மேல் தப்பில்லை. பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் பாதி ஆயுசைக் கழித்தவளுக்கு லோடு என்றால் ஒரே அர்த்தம்தான். வண்டி வந்துவிட்டது, சும்மாட்டைச் சுற்று, கூடையைத் தூக்கு. நானும் முந்தானையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். இரண்டு பக்கமும் நின்ற பேங்க் காவலர்கள் அவரவர் துப்பாக்கியில் தோட்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்த்தார், பிறகு என் தலையைப் பார்த்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"நீங்கதானுங்களே லோடுன்னீங்க. வண்டி எங்கீங்க?"

பட்டாளத்தில் அவரை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக மிரட்டியிருப்பார்கள். இப்படி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாரண்டஹள்ளி போகிற வழியில், கல் எடுத்து முடித்துக் கைவிட்ட ஒரு குவாரிப் பள்ளம்தான் பயிற்சி நடக்கும் இடம். மூன்று பக்கம் பாறை. எதிரே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மண்மேடு. சுடுவதெல்லாம் அந்த மேட்டில் போய்ப் புதைந்துவிடும். அங்கே வருகிறவர்கள் பேங்க் வாசலில் நிற்கிறவர்கள், ஏடிஎம்முக்குப் பணம் கொண்டுபோகும் வண்டியில் காவல் போகிறவர்கள், துப்பாக்கி மேல் ஆசைப்பட்டு ஓசூரிலிருந்து காரில் வருகிற ஒன்றிரண்டு பேர். அப்புறம் நான்.

நான் போனது பன்றிக்காக. எங்கள் கடலைக் கொல்லை காட்டை ஒட்டி இருக்கிறது. கடலை காய் பிடிக்கும் நாள் நமக்குத் தெரிவதற்கு முன்னால் காட்டுப்பன்றிக்குத் தெரிந்துவிடும். குடும்பத்தோடு வந்து உழுதுவிட்டுப் போகும். என் வீட்டுக்காரர் பயிர்க்காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கி ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். எனக்குத் தெரிந்து அது எந்தப் பன்றியையும் கொன்றதில்லை. வானத்தைப் பார்த்து ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். பன்றிக்கு அந்தச் சத்தம் போதும். எனக்கும் போதும், நான் திடுக்கிட்டு நிற்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும்.

அவர் காலமானதும் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. என் பெயருக்கு லைசென்ஸ் மாற வேண்டுமென்றால், நான் அதைப் பத்திரமாகக் கையாளக் கற்றுக்கொண்டேன் என்று பயிற்சி கொடுத்தவர் சர்டிபிகேட் தர வேண்டும். அது இல்லையென்றால் துப்பாக்கி வராது. துப்பாக்கி வராவிட்டால் கடலை வராது. கடலை வராவிட்டால் என் கொழுந்தனார் வருவார்.

அவர் ஏற்கெனவே வந்துவிட்டார். வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார்.

"ஏன் அண்ணி, இந்த வயசுல துப்பாக்கியத் தூக்கிக்கினு. கொல்லைய எங்கிட்ட உட்டுடுங்க, நான் பாத்துக்கறேன். நீங்க வூட்டுல ராணியாட்டம் ஒக்காருங்க."

"ராணின்னா பக்கத்துல துப்பாக்கிக்காரன் நிப்பானே, கொழுந்தனாரே. அந்தக் கூலி மிச்சம்னு நானே கத்துக்கறேன்" என்றேன்.

"கத்துக்கினு வாங்க, பாப்பம்" என்று சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்புதான் என்னைக் குவாரிக்கு அனுப்பியது. கூட்டிப்போனது என் மருமகள், அவளுடைய ஸ்கூட்டியில்.

அங்கே போனதும் முதலில் மாட்டிவிட்டது ஒரு சட்டை. கை இல்லாத, கனமான சட்டை. முன்னால் பின்னால் இடுப்பில் எங்கே தொட்டாலும் பை. தோட்டாவுக்கு ஒன்று, டார்ச்சுக்கு ஒன்று, கட்டுத்துணிக்கு ஒன்று. என் சுருக்குப்பை அதற்கடியில் எங்கோ போய் மாட்டிக்கொண்டது. பரவாயில்லை என்று தோட்டாப் பையில் வெற்றிலையையும் டார்ச்சுப் பையில் பாக்கையும் வைத்துக்கொண்டேன். இத்தனை பை வைத்துத் தைத்தவன் சுண்ணாம்புக்கு ஒன்று வைக்க மறந்துவிட்டான்.

ஓசூர்க்காரர் ஒருவர் எல்லாவற்றையும் சொந்தமாகவே வாங்கி வைத்திருந்தார். முட்டிக்குக் கவசம், முழங்கைக்குக் கவசம், கையுறை, கறுப்புக் கண்ணாடி. மீசையும் பெரிசு. எங்கள் பக்கத்து முனியப்பன் சிலை பீடத்தை விட்டு இறங்கி வந்த மாதிரி இருந்தார். எனக்குக் கும்பிடத் தோன்றியது. நல்ல மனிதர், நான் உட்கார்ந்து எழும்போதெல்லாம் கை கொடுப்பார்.

காதுக்கு ஒரு மூடி கொடுத்தார்கள். மாட்டினால் வெடிச் சத்தம் குறையும், பக்கத்தில் பேசுவது மட்டும் லேசாகக் கேட்கும். மருமகள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இது கடையில கெடைக்குமா?"

"எதுக்கும்மா, நீங்களும் சுடக் கத்துக்கறீங்களா?"

"இல்லீங்க சார். வூட்டுல அத்தை பேசறப்ப போட்டுக்கலாம்னு."

வாத்தியார் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, "குறி பாக்கத் தெரியுமாம்மா?" என்றார்.

"எனக்குக் குறி கேக்கத்தான் தெரியும் சார். பாக்கறவ சந்தைக்கு வருவா" என்றேன். அன்றைக்கு அவர் வானத்தைப் பார்த்தது அது இரண்டாவது முறை.

குறி பார்ப்பது நான் நினைத்த அளவு கஷ்டமில்லை. தோளில் அழுத்திப் பிடிக்க வேண்டும், மூச்சைப் பாதி விட்டு நிறுத்த வேண்டும். சுட்டால் தோளில் ஒரு மாடு முட்டும். மாட்டிடம் முட்டு வாங்கி வளர்ந்தவள்தானே நான். விரல் விஷயமும் பிடிபட்டுவிட்டது. சுடப்போகும் நேரம் தவிர விரல் விசையைத் தொடக்கூடாது, வெளியே நீட்டியே இருக்க வேண்டும். பிள்ளைகளை விரல் நீட்டி மிரட்டிப் பழகிய கைக்கு அது சுலபம்.

என்னைக் கவிழ்த்தது வேறொன்று.

தோட்டா இல்லாத துப்பாக்கியை வைத்துப் பழகிக்கொண்டிருந்தோம். நான் மண்மேட்டைப் பார்த்து நின்றேன். பின்னாலிருந்து வாத்தியார், "அம்மா, தோள கொஞ்சம் எறக்குங்க" என்றார்.

நான் திரும்பி, "என்னங்க சார்?" என்றேன்.

நான் திரும்பினால் என் கையும் திரும்பும், கையில் இருக்கிறதும் திரும்பும். பேங்க் காவலர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தரையில் படுத்தார்கள். முனியப்பன் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய்விட்டார். நின்றது வாத்தியார் ஒருவர்தான். மெதுவாக வந்து குழலைத் தரைப் பக்கம் அழுத்தி, துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"தோட்டாதான் இல்லீங்களே" என்றேன்.

"இல்லன்னு எல்லாரும் நெனைக்கற துப்பாக்கிதாம்மா ஆளக் கொல்லும். கையில இருக்கறவரைக்கும் அது மேட்டத்தான் பாக்கணும். யாரு கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது."

"பெரிய மனுசன் பின்னாலேர்ந்து கூப்பிடறப்ப முதுக காட்டிக்கினே பதில் சொல்றதா? எங்க வூட்டுல அப்படி வளக்கலீங்க."

"மரியாதை வேணாம்மா. எனக்கு உசுரு வேணும்."

திரும்பக்கூடாது என்ற பாடம் வாய்க்கு வந்துவிட்டது, புத்திக்கும் வந்துவிட்டது. உடம்புக்கு வரவில்லை. அடுத்த முறையும் அவர் கூப்பிட்டதும் திரும்பிவிட்டேன். இந்தத் தடவை காவலர்கள் கீழே விழுவதற்குப் பழகியிருந்தார்கள். வாத்தியார் என்னைத் தனியாக மரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"அம்மா, உங்க கண்ணு நல்லாருக்குது, கையும் நிக்குது. ஆனா கடைசிப் பரீட்சையில ஒரு தரம் திரும்பினாக்கூட நான் சர்டிபிகேட் தர மாட்டேன். தந்தா எனக்குத் தூக்கம் வராது."

அவர் சொன்னது நியாயம். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். அவள் கொஞ்சமும் யோசிக்காமல் மாங்காய் பறிக்கும் தொரட்டியை என் கையில் கொடுத்தாள். "சுவத்தப் பாத்து நில்லுங்க அத்தை. நான் பின்னாலேர்ந்து பேசறேன். திரும்பாம பதில் சொல்லுங்க."

அவளுக்கு அப்படியொரு வாய்ப்பு கல்யாணமானதிலிருந்து கிடைத்ததில்லை. நான் சுவரைப் பார்த்து நிற்கிறேன், கையில் தொரட்டி, திரும்பக்கூடாது. ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்க வெக்கற கொழம்புல புளி அதிகம் அத்தை."

திரும்பினேன்.

"போச்சு, நான் செத்துட்டேன். மறுபடி நில்லுங்க. என் அம்மா வந்தப்ப காபியில சக்கர கம்மியா போட்டது நீங்கதான?"

திரும்பினேன். அன்றைக்கு அவளை நான் பலமுறை கொன்றேன். சாகச் சாக அவளுக்குப் பேச்சு அதிகமானது. கடைசியில் குரல் கொஞ்சம் மாறியது.

"அத்தை, கொல்லைய சின்ன மாமாகிட்ட உட்டுடாதீங்க. உங்க புள்ளைக்கு கம்பெனி வேல போதும், அவரு வர மாட்டாரு. எனக்கு வேணும். நான் கடலை போடறேன்."

அதற்கு நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் என் கண் கலங்கியது அவளுக்குத் தெரிந்திருக்கும், அப்புறம் ஒரு வருஷத்துக்கு அதைச் சொல்லியே சிரிப்பாள். "கடலை போடறவ மொதல்ல புளிய கொறச்சிக் கொழம்பு வெச்சிக் காட்டு" என்று சுவரிடம் சொன்னேன்.

ஆனாலும் அது ஒரு தடவைதான். மறுபடி கூப்பிட்டால் உடம்பு திரும்பியது. தொரட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சலித்துப்போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் தெருவில் எங்கள் எதிர்வீட்டுக்காரி புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். மருமகள் அவளை, "அக்கா, பாலு எடுத்துக்கினு போங்க" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவள் திரும்பவேயில்லை. போகிற போக்கிலேயே, "எறக்கிட்டு வரேன்டி" என்றாள்.

யாருக்கும் அது மரியாதைக் குறைவாகத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தலையில் சுமை இருக்கிறவள் திரும்பினால் சுமை சரியும். மண்டியில் எத்தனை வருஷம் நான் கூடையைச் சுமந்திருக்கிறேன். முதலாளியே கூப்பிட்டாலும் திரும்பினேனா? "லோடு எறக்கிட்டு வரேங்க" என்றுதானே சொன்னேன்.

எழுந்து தொரட்டியை எடுத்தேன். "இப்ப கூப்பிடு" என்றேன்.

"அத்தை, பாம்பு."

"இருக்கட்டும். லோடு எறக்கிட்டு வரேன்."

அவள் அப்புறம் சாயங்காலம் வரைக்கும் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. வாத்தியார் முதல் நாள் கத்திய வார்த்தையை நான் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை, அவருக்கு முன்னாலேயே சரியாகப் புரிந்துகொண்டுவிட்டேன் என்று மருமகளிடம் சொன்னேன். அவள் காதுமூடி எங்கே கிடைக்கும் என்று மறுபடி கேட்டாள்.

பரீட்சை அன்றைக்குக் குவாரிக்குப் போனால், கொழுந்தனார் பாறை நிழலில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் தோற்கிறதைப் பார்க்க டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறார். அவ்வளவு தூரம் அவர் என் வீட்டு விசேஷத்துக்குக்கூட வந்ததில்லை. நான் பார்க்காத மாதிரி போய் என் இடத்தில் நின்றேன்.

சட்டை மாட்டினேன். வெற்றிலையை மருமகளிடம் கொடுத்துவிட்டேன். காதுமூடி, கண்ணாடி. எதிரே காகிதத்தில் வட்டம்.

"லோட்" என்றார் வாத்தியார். தோட்டாவைப் போட்டேன்.

முதல் வெடி வட்டத்தின் ஓரத்தில் விழுந்தது. இரண்டாவது உள்ளே. மூன்றாவது எங்கே போனது என்று மண்மேட்டுக்குத்தான் தெரியும். அடுத்த தோட்டாவைப் போட்டதும் வாத்தியார் பின்னாலிருந்து ஆரம்பித்தார்.

"அம்மா, உங்க மருமக ஸ்கூட்டி கீழ உழுந்துடுச்சு."

"எடுத்து நிறுத்துங்க சார். எனக்கு லோடு இருக்குது."

"அம்மா, டீ வந்திருக்குது."

"ஆறட்டும்."

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் பக்கத்திலேயே அந்தக் குரல் கேட்டது. "அண்ணி, நான் வந்திருக்கேன்."

கொழுந்தனாருக்கு என்னைத் தெரியும். எங்கள் பக்கத்தில், வந்தவரைப் பார்த்து "வாங்க" என்று சொல்லாதவள் வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். எதிரியாக இருந்தாலும் முகத்தைப் பார்த்து "வாங்க" சொல்ல வேண்டும். என் கழுத்து திரும்பத் துடித்தது, உண்மை. தலையில் தக்காளிக் கூடை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் நல்லாப் பழுத்த தக்காளி.

"வாங்க கொழுந்தனாரே" என்று மண்மேட்டிடம் சொன்னேன். "ஒக்காருங்க. முதுகு பேசுதேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. லோடு எறக்கிட்டு வரேன்."

மூச்சைப் பாதி விட்டேன். சுட்டேன். வட்டத்துக்கு நடுவில் விழுந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நடுவுக்குக் கொஞ்சம் பக்கத்தில். துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்தேன். காலித் தோட்டாவை எடுத்தேன். உள்ளே ஒன்றுமில்லை என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் பார்த்தேன். எனக்கு முன்னால் இருந்த மேசை மேல், குழல் மண்மேட்டைப் பார்க்க வைத்தேன். பின்னால் தள்ளி வந்தேன். அதற்கப்புறம்தான் திரும்பி, இரண்டு கையையும் கூப்பினேன்.

"இப்ப வாங்க. வூட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?"

பேங்க் காவலர்கள் யாரும் தரையில் இல்லை. எல்லோரும் நின்று கை தட்டினார்கள். முனியப்பன் டிரம்முக்கு முன்னாலேயே இருந்தார். வாத்தியார் கையெழுத்துப் போடும்போது சிரித்துக்கொண்டே, "இனிமே எல்லாருக்கும் இதையே சொல்லித் தரப்போறேம்மா. தலையில கூடை இருக்குதுன்னு நெனச்சுக்கோன்னு" என்றார்.

கொழுந்தனார் மட்டும் வெள்ளைச் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு, "டீ சொன்னாங்களே, அது நெசமா" என்று கேட்டார். நிஜம்தான். மருமகள் வாங்கிக் கொடுத்தாள். சர்க்கரை கம்மியாக.

துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டது. பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவி என் சுருக்குப்பையில். அந்தக் கொல்லையில் இப்போது மருமகள் கடலை போட்டிருக்கிறாள். வானத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டால் பன்றி மலைக்கே போய்விடுகிறது. இந்த வருஷம் நாங்கள் பறித்த கடலையில் பன்றிக்குப் பங்கில்லை. கொழுந்தனாருக்கு ஒரு படி கொடுத்தனுப்பினேன், நல்ல மனசோடுதான்.

அவரும் கொல்லைப் பக்கம் வருகிறார். ஆனால் முன்னைப் போல நேராக வரப்பில் ஏறி வருவதில்லை. வேலியோரம் நின்று சத்தமாகக் கேட்பார்.

"அண்ணி, லோடு இருக்குதா, எறங்கிடுச்சா?"

போன வாரமும் வந்து கேட்டார். நான் அவருக்கு முதுகு காட்டியபடி மாமரத்தடியில் நின்றிருந்தேன்.

"இன்னும் எறங்கலைங்க. அங்கயே நில்லுங்க" என்றேன்.

நின்றார், ரொம்ப நேரம். என் கையில் இருந்தது தொரட்டி.