ஒன்பதில் முடிகிற அட்ரஸ்

என் வீட்டுக்காரருக்கு ராசி எண் ஒன்பது. பைக் வாங்கினாலும் செல்போன் வாங்கினாலும் கூட்டுத்தொகை ஒன்பது வரவேண்டும். போன வருஷம் லேப்டாப்பையும் சனி பிடித்தது. வைஃபையில் சேருகிற ஒவ்வொன்றுக்கும் தானாகவே ஒரு அட்ரஸ் கிடைக்கும், அதுவும் எண்தான் என்று எவனோ சொல்லித் தொலைத்துவிட்டான். மனுஷனுக்குத் தூக்கம் வருமா? தானாக வருவதை நிறுத்திவிட்டு, ஒன்பதில் முடிகிற அட்ரஸைத் தன் கையாலேயே நிரந்தரமாகப் போட்டு வைத்தார். வலங்கைமானில் எங்கள் வீட்டில் அது ஒழுங்காகத்தான் ஓடியது. அந்தப் பெருமையைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தார்.

அவருடைய அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில் ஒரு மண்டபத்தில் வைத்தோம். ஒரே பிள்ளை வளைகுடாவில் இருக்கிறான். லீவு கிடைக்கவில்லையாம், அவர்தான் வந்து சொன்னார். அந்த நாட்டில் போனில் முகம் பார்த்துப் பேசத் தடை. ஆபீஸ் மீட்டிங் மாதிரி போட்டால்தான் உண்டு, அந்த வசதி எங்களிடம் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. தாலி கட்டுவதை அவன் பார்த்தே ஆகவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

மண்டபத்து வைஃபையில் லேப்டாப் சேர்ந்துவிட்டதாகக் காட்டியது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. வந்தவர்கள் போனெல்லாம் அதே வைஃபையில் ஜோராக ஓடுகிறது. கண்ணுபட்டுப் போச்சு என்றாள் நாத்தனார். உடனே பூசணிக்காய் உடைத்தார்கள். பூசணிக்காய் போனதுதான் மிச்சம்.

பிள்ளைக்குப் போன் போட்டேன். இடம் மாறினால் அந்த இடத்து வைஃபை கொடுக்கிற அட்ரஸை வாங்கிக்கொள்ள வேண்டும், இது வலங்கைமான் அட்ரஸையே கட்டிக்கொண்டு அழுகிறது, தானாக வாங்கும்படி அப்பாவை மாற்றச் சொல் என்றான். மாற்றுவதற்கான பாஸ்வேர்டு அவரிடம் மட்டும்தான். போய்ச் சொன்னேன்.

"இன்னைக்குப் போயி நம்பர மாத்தச் சொல்றியே, இது ஆயுசு விஷயம்" என்றார், கழுத்தில் மாலையோடு.

ஆயுசு ஹோமம் பண்ணின குருக்கள் பக்கத்திலேயே இருக்கிறார். இவருக்கு நம்பிக்கை லேப்டாப் மேல்.

முகூர்த்தம் நெருங்கியது. குருக்கள் மாங்கல்யத்தை எடுத்து நீட்டினார். நான் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"மாத்துங்க. எம் புள்ள பாக்காம நான் கழுத்த நீட்ட மாட்டேன்."

அவர் குருக்களைப் பார்த்தார், குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போய் மாற்றினார். சற்று நேரத்தில் திரையில் பிள்ளையின் முகம் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பார்க்க, தாலி ஏறியது.

அட்சதை போட்டு முடிந்ததும் லேப்டாப்பிடம் ஓடினேன். லீவு கொடுக்காத உன் ஆபீஸ் நாசமாய்ப் போக என்று திட்டினேன்.

அவன் முழித்தான். "லீவெல்லாம் கெடச்சுதும்மா. டிக்கெட் தேதி எட்டுல வருது, வராதேன்னு அப்பாதான் சொன்னாரு. உங்கிட்ட சொல்லலையா?"

மேடையிலிருந்து அவர் போட்டோவுக்குக் கூப்பிட்டார். நான் போகவில்லை.