மோப்பக்காவின் கை

“கைய நீட்டு” என்றால் படகோட்டி மறுபேச்சில்லாமல் நீட்டிவிடுவான். மோப்பக்கா குனிந்து, நகக்கண் வரை மோந்து பார்ப்பாள். சோப்பு வாசனை வந்தால் தொலைந்தது. அன்றைக்கு அவன் கண்ணாடிப் புட்டியைத் தொடக்கூடாது. “குளிச்சிட்டு வந்தது ஒரு குத்தமாக்கா?” என்பான், தலை பாதி நரைத்த அந்த மனிதன். “குத்தந்தான். வெறுந் தண்ணியில குளி” என்பாள்.

பதினாறு வருஷமாகக் கரையோரக் கடல்நீரை மொண்டு வந்து ஆய்வுக்கூடத்தில் அளப்பது அவள் வேலை. பாசியும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் நீரில் விடுகிற ஒருவகைப் பிசுக்கு இருக்கிறது. அலை நுரைப்பது அதனால்தான். அது எந்த மாதம் ஏறுகிறது, எந்த மாதம் இறங்குகிறது என்பதுதான் கணக்கு. ஒரு விரல் எண்ணெய் பட்டாலும் அளவு கெட்டுவிடும். கையுறையையும் அவள் நம்புவதில்லை: “அதுக்குள்ள என்ன மாவு போட்டிருக்கானோ.”

இந்தக் கெடுபிடி வீடு வரை போயிற்று. சோப்பு படக்கூடாதென்று அவள் கைகழுவிவிட்டதால் பாத்திரம் துலக்குவது கணவர் பாடு. கடலுக்காகப் பாத்திரம் தேய்க்கிற ஆம்பளை உலகத்திலேயே தான் ஒருத்தன்தான் என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

குளிர் வந்தால் அவள் விரல்கள் பாளம் பாளமாக வெடிக்கும். சில வருஷமாகப் படுக்கப் போகுமுன் களிம்பு தடவிக்கொள்வாள். அதுவும் வாசனையே இல்லாததாகப் பார்த்து வாங்கியது. காலையில் வெறுந் தண்ணீரில் கழுவித் துணியில் துடைத்துவிட்டுப் படகேறுவாள்.

வெயில் காலத்தில் பிசுக்கு ஏறுவது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் மூன்று வருஷமாகக் குளிரிலும் வரைபடத்தில் ஒரு சின்ன மேடு எழுந்தது. டாக்டரம்மா, அதாவது ஆய்வுக்கூடத் தலைவி, பூரித்துப் போனார். அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதி, அச்சானதும் சுவரில் ஒட்டிவைத்தார்.

இந்தக் குளிரில் மோப்பக்கா காய்ச்சலில் விழ, இரண்டு வாரம் படகோட்டி நீர் மொண்டான். மேட்டைக் காணோம். கோடு தட்டையாகக் கிடந்தது. ஒழுங்காக மொள்ளாமல் ஏமாற்றிவிட்டான் என்று டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் அவனைக் காய்ச்சி எடுத்தார். அடுத்த மாதம் வேறு படகு பார்க்கப்போவதாகவும் சொன்னார். அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த மோப்பக்காவும் சும்மா இருக்கவில்லை. “ஒரு புட்டிய முக்கி எடுக்கத் தெரியலயே உனக்கு” என்றாள். அவன் தலைகுனிந்து நின்றான்.

மறுநாள் காலை கைகழுவும் தொட்டியில்தான் பார்த்தாள். உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டது. கதவைச் சாத்திக்கொண்டு, சுத்தமான நீரில் இரண்டு விரலை நனைத்து அந்த நீரை அளந்தாள். மூன்று வருஷமாகக் கடலுடையது என்று நினைத்த மேடு அச்சுப் பிசகாமல் எழுந்து நின்றது. சோப்பு போட்டிருந்தாலாவது களிம்பு போயிருக்கும். ஊரார் கையையெல்லாம் மோந்தவள், தன் கையை மோந்து பார்த்ததே இல்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றது. கட்டுரைகூட அப்புறம், அவன் தலைகுனிந்து நின்ற நிற்பு கண்ணை விட்டுப் போகவில்லை. அளவு பதிந்த தாளை எடுத்துக்கொண்டு போய் டாக்டரம்மாவின் மேஜையில் வைத்தாள். “அவன் மொண்டதுதான் மேடம் சரி. அந்த மேடு என் கைக் களிம்பு.” டாக்டரம்மா தாளைப் படித்தார். பிறகு எழுந்துபோய்ச் சுவரிலிருந்த கட்டுரையைக் கிழியாமல் பிரித்தெடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

படகுத்துறையில் அவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் பழக்க தோஷத்தில் இரண்டு கையையும் நீட்டினான். அவள் மோக்கவில்லை. புட்டிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, வெடித்த தன் கைகள் இரண்டையும் அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.