பச்சை உடம்பும் அயர்லாந்து வெயிலும்

எங்கள் வாவிக்கு இரண்டு கரை. கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. சூரியன் எங்கே எழும்பி எங்கே படுகிறது என்பதை வைத்தே ஊரைப் பிரித்துப் பெயர் வைத்த சனம் நாங்கள். எழுவான்கரையில், தேற்றாத்தீவில் பிறந்து வளர்ந்த எனக்கு வெயில் என்பது வாசலில் நிற்கிற தென்னை மாதிரி. அது நிற்கிறதா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மாரியில் நாலு நாள் மூடிக் கிடந்தாலும் மறுபடி வந்து மண்டையைப் பிளக்கும். தபாற் கந்தோரில் இருந்து முத்திரை கிழித்துக் கொடுத்தே காலத்தைக் கழித்தவள் நான். கம்பிக்கு அந்தப் பக்கம் வியர்த்து நின்ற சனங்களில் ஒருவர்கூட “இண்டைக்கு நல்ல வெயில்” என்று சந்தோசமாகச் சொன்னதில்லை. “என்ன வெக்கை கா இது” என்று ஏசித்தான் கேட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான் ஓய்வு பெற்ற கையோடு அயர்லாந்துக்குப் போனேன். மகள் அங்கே ஆஸ்பத்திரியில் தாதி. மருமகன் ஒரு ஹோட்டலில் சமையல். முதல் பிள்ளை பிறக்கப் போகிறது, பெற்றவள் போகாமல் வேறு யார் போவது? என் வீட்டுக்காரர் இவரைக் கோழிகளோடும் அரிசிப் பானையோடும் விட்டுவிட்டு, பெட்டி நிறையப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத்தூள், உள்ளி, பால்சுறாக் கருவாடு எல்லாம் அடைத்துக்கொண்டு புறப்பட்டேன். கருவாட்டை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். இவரின் பழைய வேட்டிகளையும் துவைத்துக் கிழித்துப் பிள்ளைக்குத் துணியாக எடுத்துப் போனேன். “அம்மா, இஞ்ச எல்லாம் கடையில இரிக்கி” என்று மகள் சொன்னாள். இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், வேட்டித் துணி கடையில் இருக்கிறதா?

கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டிய வீடுகள். பின்னால் பாய் விரிக்கிற அளவுக்குப் புல்தரை, அதன் குறுக்கே துணிக்கொடி. நான் போன கிழமையே பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த அன்றைக்கே என் ஆட்சியும் தொடங்கிவிட்டது.

ஜன்னல்களை இழுத்துப் பூட்டினேன். திரைச்சீலை இரண்டையும் ஊசி போட்டுச் சேர்த்தேன். மகளின் காதில் பஞ்சு, தலையில் துணி. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வார்த்தேன். மூன்று நேரமும் சரக்குக் கறியும் சுட்ட கருவாடும். பச்சை உடம்பு, காற்றுப் பூந்தால் பிறகு காலம் முழுக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிய வேண்டும். முப்பத்தோராம் நாள் துடக்குத் தீட்டுக் கழித்து, முழுகவார்த்து, பிள்ளையை வெளியே கொண்டுபோய்ச் சூரியனைக் காட்டுவது. அதுவரைக்கும் வாசற்படி தாண்டுகிற கதையே கிடையாது. என் அம்மா என்னை அப்படித்தான் வைத்திருந்தா. நான் செத்தா போய்விட்டேன்? மகள் படித்த தாதிதான், ஆனாலும் களைப்பு. சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

வெளியே என்ன வெயில் தெரியுமா! அந்தக் கிழமையும் அடுத்த கிழமையும் ஒரு முகில் இல்லை. சுடாத வெயில், பொன் மாதிரி. ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகும் பகல் போகாமல் நின்றது. தெருவில் ஒரு சனம் வீட்டுக்குள் இல்லை. ஆம்பிளைகள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, அவித்த இறால் நிறத்தில் திரிந்தார்கள். இவருக்குப் போனில் சொன்னபோது, “இஞ்ச கச்சான் காத்து நெருப்பா வீசுது, அவனுகளுக்கு வெயில் காயிற பைத்தியமா?” என்று சிரித்தார்.

பக்கத்து வீட்டு மனிசிக்கு என் வயதுதான் இருக்கும். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். தினமும் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, பிள்ளையை வெளியே கொண்டு வரவில்லையா, மகளை வந்து இருக்கச் சொல்லவில்லையா என்று ஒரே கேள்வி. எனக்கு இங்கிலீஷ் வரும், கந்தோரில் பேசிய இங்கிலீஷ். முதலில் மரியாதையாகச் சிரித்து வைத்தேன். அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“இன்னும் கொஞ்ச நாள் கழித்துக் கொண்டு வருவோம். வெயில் எங்கே ஓடியா போகப்போகிறது?” என்றேன்.

அந்த மனிசி என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வது? சம்பளத்தை எல்லாம் வீதியில் கொட்டுகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள். நல்ல வாயடைப்பு என்று நானும் என்னை மெச்சிக்கொண்டேன்.

வெயில் ஓடித்தான் போனது. ஒரு விடியலில் பார்த்தால் வானம் சாம்பல் பூசிக் கிடந்தது. அன்றைக்குத் தொடங்கிய மழையை மழை என்று சொல்லவே எனக்கு விருப்பமில்லை. எங்கள் மாரி வந்தால் வந்ததென்று ஊருக்குத் தெரியும். இடித்து, முழங்கி, வயல்வட்டையெல்லாம் வெள்ளமாக்கி, படுவான்கரைக்குப் போகிற பாதையை மூடிவிட்டுத்தான் ஓயும். இது சத்தமே போடாது. பெய்கிறதா இல்லையா என்று கையை நீட்டிப் பார்க்க வேண்டும். பார்த்தால் கை நனைந்திருக்கும். குளிர் வேறு. இதற்குப் பெயர் கோடைகாலமாம்!

அதற்குள் இடையிடையே ஒரு வெயில் வரும். அரிசி ஒரு கொதி கொதிக்கிற நேரம். வந்த வேகத்தில் போய்விடும். வேட்டித் துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து கைதுடைக்க முதல் தூறும். ஓடிப்போய் அள்ளுவேன். அள்ளிக்கொண்டு படியேற முதல் வெயில் எறிக்கும். வானத்தைப் பார்த்து நான் பேசிய பேச்சையெல்லாம் இங்கே எழுத முடியாது. மருமகன் குசினி ஜன்னலுக்குப் பின்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். “மாமி, துணி காயிற மெஷின் கிடக்கு” என்பார். “அதுக்குள்ள போட்டா வெயில் வாசம் வருமா தம்பி?” என்று கேட்டுவிட்டு மறுபடி கொடிக்குப் போவேன்.

அப்படிப் போய் வந்துதான் பக்கத்து வீட்டுக்காரியின் சீவியத்தைக் கவனித்தேன். அவள் மழைக்காக எதையும் நிறுத்தி வைக்கவில்லை. வெயிலுக்காக எதையும் தள்ளிப் போடவுமில்லை. பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கதிரை, அதன் மேல் மழைச் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் ஒரே குவியல். வெளிச்சம் தட்டினால் போதும், பாதி உரித்த உருளைக்கிழங்கையும் கத்தியையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்து இருந்துவிடுவாள். தூறினால் மழைச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மிச்சத்தை உரிப்பாள். மழை பலத்தால் உள்ளே போவாள். முகத்தில் ஒரு சலிப்பு இருக்காது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் எனக்குச் சிரிக்கிற நிலைமை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. மகள் கதைப்பதை நிறுத்தியிருந்தாள். கேட்டதற்கு “ஓம்”, கேட்டதற்கு “வேணாம்”. சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். பிள்ளைக்குப் பால் கொடுப்பாள், துணி மாற்றுவாள், ஒரு குறை இல்லாமல் செய்வாள். வார்டில் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோல் செய்வாள். முடிந்ததும் என் கையில் தந்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பாள். வாய் ஓயாமல் கதைக்கிற பிள்ளை அவள். சின்ன வயதில் அவளின் வாய்க்குப் பயந்து கந்தோருக்குக் கூட்டிப் போவதில்லை. அப்படிப்பட்டவள் இப்போது மூச்சுக் காட்டாமல் கிடந்தாள்.

ஒரு பின்னேரம் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்.

“அம்மா, எல்லாரும் சொல்றாங்க பிள்ளையைப் பார்த்ததும் நெஞ்சு நிறையும் எண்டு. எனக்கு ஒண்டும் வருகுதில்ல. நான் என்ன தாயோ தெரியா.”

சட்டியைக் கீழே வைத்தேன். “எல்லாம் சரியாப் போயிரும் மனே” என்றேன். என்ன சரியாகப் போகும், எப்படிப் போகும் என்று எனக்கே தெரியாது. குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த நாள் வீட்டுக்கு வந்து பார்க்கிற தாதியிடம் மருமகன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்தப் பெண் மகளோடு நெடுநேரம் கதைத்தாள். டாக்டரிடம் நாள் குறித்தாள். பிறகு பூட்டிய ஜன்னலையும் ஊசி போட்ட திரைச்சீலையையும் பார்த்துவிட்டு, தினமும் கொஞ்ச நேரமாவது வெளிச்சத்தில் இருக்க வேண்டும், மழையென்றாலும் நடக்க வேண்டும் என்றாள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அவள் போன பிறகு மருமகனைப் பிடித்துக்கொண்டேன்.

“பச்சை உடம்புக்காரியை மழைக்குள்ள நடக்கட்டாமோ? முப்பத்தொண்டு முடியட்டும் தம்பி. மறுகா எங்க வேணுமெண்டாலும் கூட்டிப் போங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவரும் பாவம்.

டாக்டரிடம் போவதை மட்டும் நான் மறிக்கவில்லை; பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு, காதுப் பஞ்சோடு போர்த்திக்கொண்டு போய் வந்தாள். மருந்து தந்தார்கள், கதைக்க ஓர் ஆளையும் ஒழுங்கு செய்தார்கள். பிறகு பல மாதம் அவள் அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாள். வெயில் பட்டுத்தான் சுகம் வந்தது என்று சொல்ல நான் என்ன வைத்தியமா படித்தேன்? நான் கண்ட ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன்.

முப்பத்தொன்றுக்கு இன்னும் ஐந்தாறு நாள் கிடந்தது. மருமகன் வேலைக்குப் போயிருந்தார். வழக்கம்போலத் துணி போட வெளியே வந்தேன். பாதித் துணிதான் போட்டிருப்பேன், முகில் டக்கென்று விலகியது. புல்லில் இருந்த ஈரமெல்லாம் மின்னியது. அந்த வரிசையில் இருந்த கதவுகள் எல்லாம் திறந்தன. எங்கள் ஊரில் கரண்ட் போய் வந்தால் வீட்டுக்கு வீடு ஒரு சத்தம் எழும்புமே, அந்தச் சத்தம் எழும்பியது. கதிரைகள் வந்தன, குழந்தைகள் வந்தார்கள், ஒரு கிழவர் இடுப்பில் சுற்றுகிற சறம்போல் தொளதொளத்த காற்சட்டையோடு வந்து முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு மனிசி கிழங்குச் சட்டியோடு வந்தாள். என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதை விட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

திறக்காமல் இருந்தது என் மகள் கிடந்த அறை ஜன்னல் ஒன்றுதான். வெளியே நின்று பார்க்கிறபோதுதான் அது எவ்வளவு இருட்டாக இருக்கிறதென்று தெரிந்தது. எனக்கு அந்த இடத்திலேயே பொறுக்க முடியாமல் போய்விட்டது. உள்ளே போய்த் திரைச்சீலையில் இருந்த ஊசிகளைப் பிடுங்கி எறிந்தேன்.

“ஒழும்பு புள்ள. வெளிய போவம்.”

மகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். “முப்பத்தொண்டு முடியல்லயே அம்மா.”

“அது எனக்கும் பிள்ளையாருக்கும் உள்ள கதை. நான் கதைச்சிக்கொள்றன். நீ கெதியா ஒழும்பு, இந்த நாசமறுந்த வெயில் போகப்போகுது!”

காதுப் பஞ்சை நானே எடுத்தேன். பிள்ளையைச் சுற்றித் தூக்கி அவள் கையில் கொடுத்தேன். வாசற்படியில் ஒரு கணம் நின்றாள். பிறகு வெறுங்காலோடு ஈரப் புல்லில் இறங்கினாள். பக்கத்து வீட்டு மனிசி தன் மடக்குக் கதிரையை வேலிக்கு மேலால் தூக்கித் தந்தாள். மகள் அதில் இருந்தாள். முகத்தில் வெயில் விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன், பிள்ளையின் முகம் எவ்வளவு வெளிறிப் போயிருந்தது! என் பிள்ளையைச் சொல்கிறேன். பேத்திக்கு வெளிச்சம் கூசியது. மூக்கைச் சுளித்துத் தும்மினாள், இன்னொரு தும்மல் போட்டாள். மகள் குனிந்து அவளைப் பார்த்தாள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. நானும் திரும்பி மிச்சத் துணிகளைப் போட்டேன்.

நாலைந்து நிமிசம் இருக்குமோ என்னவோ. ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் கொட்டியது. வழக்கமான தூறல் இல்லை, நல்ல கனத்த மழை. எனக்குப் பழக்கதோசம். கொடிக்கு ஓடி, வேட்டித் துணிகளை உருவி உருவித் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு கத்தல் கேட்டது.

“அம்மா! என்ட புள்ள நனையுது! அங்க துணியைப் புடிச்சிக்கொண்டு நிக்கிறீங்க, உங்களுக்குத் துணியா பெரிசு? கதவைத் திறங்க! கண் தெரியல்லயா உங்களுக்கு? முதல்ல வெளிய கூட்டி வந்ததே நீங்கதானே!”

திரும்பிப் பார்த்தேன். மகள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, தன் சட்டையை இழுத்து அதன் தலையை மூடி, முதுகு முழுவதையும் மழைக்குக் கொடுத்துக்கொண்டு வளைந்து நின்றாள். தண்ணீர் அவள் தலைமயிரால் வழிந்தது. பிள்ளையில் ஒரு துளி விழ விடவில்லை. கண்ணில் அப்படியொரு கோபம். தெருவே கேட்கிற சத்தம்.

நான் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அவள் என்னை இடித்துக்கொண்டு உள்ளே போனாள். போகிறபோதும் வாய் ஓயவில்லை. துவாய் எங்கே, ஹீட்டரைப் போடுங்க, பிள்ளைக்குத் தடிமன் வந்தால் உங்களைத்தான் கேட்பேன் என்று அடுக்கிக்கொண்டே போனாள். தோளில் நனைந்த துணிகளோடு மழைக்குள் நின்று நான் அழுதேன்.

“ஏசு மனே” என்றேன். “நல்லா ஏசு.”