பலீல் நானா தலையாட்டிய பாடம்

எவ்லினுக்கு அவசரம் பிறவிக்குணம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் மேல்வீட்டில் இருப்பவள். வவுனியாவில் விவசாயப் போதனாசிரியர் வேலை கிடைத்த அன்று, படி இறங்கி முடிப்பதற்குள் கட்டடம் முழுவதற்கும் செய்தி சொல்லிவிட்டாள். ஒரே ஒரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமைக்குள் பயிற்சியை முடிக்காவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

பயிற்சி எல்லாம் போனில்தான். அவரவர் வேகத்தில் படிக்கலாம். எவ்லினின் வேகம் தெரிந்ததுதானே, ஒரே ஓட்டமாய் ஓடிக் கடைசிப் பாடத்துக்கு முன்னால் முட்டுப்பட்டு நின்றாள். மிளகாய் இலை ஏன் சுருளுகிறது என்று யாருக்காவது கற்றுக்கொடுத்து, அந்த ஆள் தன் சொந்த வார்த்தையில் சொல்வதைப் பதிந்து அனுப்பினால்தான் அந்தப் பாடம் திறக்கும்.

கொட்டாஞ்சேனையில் விவசாயிக்கு எங்கே போவது? சந்தியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் பலீல் நானாவைப் பிடித்தாள். கடை வாசலில் பெயின்ட் வாளியில் அவருடைய மிளகாய்ச் செடி இலை சுருண்டு நின்றது. எவ்லின் கடகடவென்று ஒப்புவித்தாள். அவரையும் ஒப்புவிக்க வைத்து அனுப்பினாள். "இவர் உங்கள் சொற்களைத்தான் சொல்கிறார்" என்று போனில் பதில் வந்தது. மறுபடி அனுப்பினாள், மறுபடியும் அதே பதில்.

வெள்ளிக்கிழமை காலை நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அழாக்குறையாக வந்து நின்றாள். எனக்குப் பாவமாக இருந்தது.

"நானா, உங்களுக்கு என்ன விளங்கினது? அதைச் சொல்லுங்கோ," என்றாள்.

"உண்மையச் சொன்னா ஒண்டும் விளங்கல்ல தங்கச்சி. நீங்க கதைக்கிற வேகத்துக்குத் தலைய ஆட்டினன். எனக்கெண்டா, யாரோ பாத்துச் செடிக்குக் கண்ணூறு பட்டிரிக்கி."

எவ்லின் வாயை மூடிக்கொண்டாள். ஓர் இலையைக் கிள்ளி, புரட்டி, அவர் கையில் வைத்து, போன் கமராவைப் பெரிதாக்கி மேலே பிடித்தாள். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பேசாமல் நிற்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

"இது ஓடுது," என்றார் நானா.

அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. தேநீர் குடிக்க வந்த ஓட்டோக்காரரைச் செடிக்கு முன்னால் இழுத்துவந்தார். "இலைக்கு அடியில பாருங்க. சின்னப் பூச்சி, சாறக் குடிக்கிது. அதான் சுருளுது. கண்ணூறு ஒண்டுமில்ல." எவ்லின் சத்தம் போடாமல் பதிந்துகொண்டிருந்தாள்.

பின்னேரம் பாடம் திறந்தது. அவள் படியில் ஓடிய ஓட்டத்தில் நாங்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, பின்னாலேயே கடைக்குப் போனேன்.

"நானா, திறந்திட்டுது. கடைசிப் பாடம் கத்தரி."

"சரி, சொல்லுங்க."

"இல்லை, முதல்ல நீங்க சொல்லுங்கோ," என்று எவ்லின் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். "கத்தரிக்காய் வெட்டேக்க உள்ளுக்கு என்ன கண்டிருக்கிறீங்க?"

நானாவின் அந்தப் பதிவு முதல் முறை அனுப்பியதிலேயே தேறிவிட்டது. திங்கட்கிழமை எவ்லின் வவுனியாவில் இருந்தாள்.