துடைத்துவிட்டு ஏற்றிய ரவுட்டர்

என் தங்கை கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க ஊரார் மாடி ஏற உழைப்பவருக்கு ஞாயிறன்றும் ஓய்வில்லை. பழைய ரவுட்டரைத் தூக்கிப்போட மனமில்லாமல், ஆர்வலர்கள் எழுதிய ஃபர்ம்வேர் என்ற இயக்க நிரலை அதில் போட்டு ஓட்டிவந்தார். அதன் புதிய பதிப்புக்கு பூட்லோடரையும் மாற்ற வேண்டியிருந்தது. மின்சாரம் வந்ததும் ரவுட்டரை எழுப்பும் சிறு நிரல் அது. கெட்டால் பெட்டி வெறும் செங்கல்.

“ஏங்க, நாளைக்கு எனக்கு ஆபீஸ் வேலை இருக்கு. ஓடுறதை எதுக்கு நோண்டுறீங்க?” என்றாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தங்கை.

“பழசுல ஓட்டை இருக்காம். திருடன் பூந்துடுவான்.”

“பூந்து என்னத்த எடுப்பான், உங்க தூக்கத்தையா?”

லிஃப்டை இயக்கும் மின்பலகையில் புது நிரல் ஏற்றுமுன் பழையதை முழுக்கத் துடைப்பது அவர் வழக்கம். மிச்சமிருந்தால் லிஃப்ட் மாடி மாறி நிற்கும். இங்கும் அப்படியே துடைத்தார். பூட்லோடரும் ஃபர்ம்வேரும் சரியாக ஏறின, விளக்கும் எரிந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. அந்தப் பெட்டிக்கென்றே தொழிற்சாலையில் அளந்து பதித்த, வைஃபை இயங்கத் தேவையான அளவீடுகளும் சேர்ந்து அழிந்திருந்தன. நகல் எடுத்து வைக்கவில்லை.

மடிக்கணினியில் குட்டைக் கேபிளைச் செருகினால் இணையம் வந்தது. மறுநாள் தங்கை வாசலோரம், ரவுட்டர் இருந்த செருப்பு அலமாரியை ஒட்டி முக்காலி போட்டு, மடிக்கணினியை மடியில் வைத்து வேலையைத் தொடங்கினாள்.

“சாயங்காலம் புதுசு வாங்கிட்டு வரேன்.”

“வாங்குங்க. அதையாவது சும்மா விடுங்க.”

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேபிளைத் தாண்டி வேலைக்குப் போனார்.