சித்தர் என்று நான் சொன்ன பெண்

கோபத்தில் எதையும் எழுதக்கூடாது என்பார்கள். நாலு மாதம் பொறுத்துப் பார்த்தேன். அடங்குகிற வழியாக இல்லை. யார்மேல் கோபம் என்று கேட்டால் எங்கள் கோயில் தலைவர்மேல் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நியாயமாகப் பார்த்தால் வரிசையில் எனக்கு அப்புறம்தான் அவர்.

கோலாலம்பூருக்கு வடக்கே ஒரு சுண்ணாம்புக் குன்றில் எங்கள் குகைக்கோயில் இருக்கிறது. நீங்கள் நினைக்கிற அந்தப் பெரிய குகை இல்லை. எங்களுக்குப் படிக்கட்டே பதினொன்றுதான், அதிலும் இரண்டு உடைந்தது. குரங்குகள்கூட வந்து பார்த்துவிட்டு, இங்கே பிழைக்க முடியாது என்று போய்விட்டன. நான் கிள்ளான்காரன். போர்ட் கிள்ளானில் கொள்கலன்களுக்குப் பாரம் எழுதுவது வேலை. கோயிலில் செயலாளர் பதவி. ஆண்டுக் கூட்டத்தில் நான் கழிவறைக்குப் போயிருந்த ஐந்து நிமிடத்தில் என்னை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

கும்பாபிஷேகம் நெருங்கியது. குகையின் பின்பக்கத் தரையைச் சமப்படுத்தி டைல்ஸ் ஒட்டுவது என்று முடிவாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நிர்வாகத்தில் ஒன்பது பேரும் கோத்தோங் ரோயோங் என்கிற கூட்டு வேலைக்குக் கூடினோம். தலைவர் லோரி கம்பெனி நடத்தி ஓய்ந்தவர். லோரிகளை மகனிடம் கொடுத்துவிட்டு ஹாரனை மட்டும் தன் தொண்டையில் வைத்துக்கொண்டார். அவர் சத்தம் போட, நாங்கள் வெட்டினோம். முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை, மண்வெட்டி எதிலோ இடித்தது. மண்ணைக் கையால் தள்ளினால், மண்டையோடு.

எல்லோரும் பின்வாங்கினார்கள். நானும் பின்வாங்கியிருப்பேன், செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டதால் முன்னால் நிற்கும்படி ஆகிவிட்டது. அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டார்கள். மெல்ல மண்ணை விலக்கினோம். முழங்கால்கள் மார்போடு மடங்கியிருந்தன. கைகளும் மடக்கியபடி. சுற்றிலும் மண் சிவந்திருந்தது. கைப்பக்கம் குட்டிக் குட்டியாகச் சுருள் ஓடுகள் ஒரு குவியலாகக் கிடந்தன.

ஒன்பது பேரில் ஒருவன் நாலு புத்தகம் படித்தவன் என்று பெயரெடுத்திருந்தால், அப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள். பார்த்தார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல மூன்று வினாடி அவகாசம் இருந்தது. சொல்லவில்லை.

"ஜீவசமாதி" என்றேன்.

"என்னடா சொல்ற?" என்றார் தலைவர்.

"உக்காந்த வாக்குல இருக்காரு பாருங்க. நம்மள்ல யாரை உக்கார வச்சுப் புதைப்பாங்க? சாமியாரைத்தானே. இவரு சித்தர். சுத்தி குங்குமம், பாருங்க."

"உக்காந்த மாதிரி இல்லையே. சாஞ்சில்ல கிடக்காரு?"

"இத்தனை வருஷம் உக்காந்தா நீங்களும்தான் சாய்வீங்க தலைவரே."

"அதென்ன ஓடு?"

"சங்கு."

"இத்துனூண்டா?"

"மலையில கிடைச்சதைத்தானே வைப்பாங்க" என்றேன். ஒரு பொய்க்கு அடுத்த பொய் எவ்வளவு சுலபமாக வந்து விழுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அரைமணி நேரத்தில் பெட்ரோல் நிலையத்துக் கடையிலிருந்து நாலு லிட்டர் பால் வந்துவிட்டது. மஞ்சள், திருநீறு, பன்னீர், அரிசி மாவு எல்லாம் கோயிலிலேயே இருந்தன. நெற்றியெலும்பில் சந்தனம் வைத்தது இந்தக் கைதான். தலைவர் ஒருபடி மேலே போய் மண்டையோட்டை இரண்டு கையாலும் தூக்கி, துண்டால் பல்லைத் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் படம் எடுத்து, 'அறியப்படாத சித்தர் தரிசனம், பத்துப் பேருக்கு அனுப்பவும்' என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். இருட்டுவதற்குள் அது பிரிக்பீல்ட்ஸைச் சுற்றிக்கொண்டு டெங்கிலுக்குப் போக, அங்கிருக்கும் என் மைத்துனி எனக்கே அனுப்பி வைத்தாள்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மறுநாள் ஒரு பெண் போனில் அழைத்தார். கிள்ளானில் பிறந்தவர், தொல்லியல் படித்தவர், குகைகளில் ஆதிமனிதர்களைப் புதைத்த விதத்தைத்தான் வருஷக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

"அங்கிள், படத்துல வெள்ளையா வழியுதே, அது என்ன?"

"பாலும்மா."



"எத்தனை லிட்டர்?"

"நாலு. அரிசி மாவும் கொஞ்சம்..."

"அங்கிள், இனிமே ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தாதீங்க. யாரையும் தொட விடாதீங்க. நான் வர்றேன்."

செவ்வாய்க்கிழமை வந்தார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் மண்டியிட்டுப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று என் சமாதிக் கொள்கையை விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இது பொம்பள, அங்கிள். இடுப்பெலும்பு தெளிவா சொல்லுது. செத்ததும் காலை மடக்கி, ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருக்காங்க. இரும்பு, செம்பு எதுவும் தெரியாத ஆளுங்க. எத்தனை ஆயிரம் வருஷம்னு ஆய்வுக்கூடம்தான் சொல்லணும்."

"அப்போ குங்குமம்?"

"சிவப்புக் கல்லை அரைச்சுத் தூவியிருக்காங்க. எதுக்குன்னு யாருக்கும் உறுதியா தெரியாது. ரத்தம்னு சொல்றவங்க இருக்காங்க, உயிர்னு சொல்றவங்க இருக்காங்க."

"சங்கு?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சிப்புட் செடுட் சாப்பிட்டிருக்கீங்களா?"

சாப்பிட்டிருக்கிறேனாவா! கிள்ளானில் ஒரு கடையில், நத்தையின் பின்நுனியை வெட்டித் தேங்காய்ப்பாலில் வேகவைத்துத் தருவார்கள். உறிஞ்சித் தின்ன வேண்டும். இரண்டு தட்டுக்குக் குறைந்து நான் எழுந்ததில்லை.

"இதுவும் ஆத்து நத்தைதான். எல்லாத்துலயும் நுனியை உடைச்சிருக்காங்க பாருங்க. சாப்பிட்டுப் போட்ட குப்பையா, செத்தவங்களுக்கு வச்ச படையலான்னு எங்க ஆளுங்களுக்குள்ள சண்டை நடக்கும். ஆனா குப்பைன்னா பரவிக் கிடக்கணும்லா. இது அவங்க கைக்கு எட்டுற இடத்துல மட்டும் குவிஞ்சிருக்கு."

நான் குனிந்து அந்தக் குவியலைப் பார்த்தேன்.  என் அப்பாவின் பதினாறாம் நாள் படையலில் நண்டுக் கறியும் ஒரு ஸ்டவுட் பீர் போத்தலும் வைத்தோம். அத்தை என்னைத் திட்டினார்: "மூடியைத் திறந்து வைடா. அண்ணன் எப்படித் திறப்பாரு?" திறந்து வைத்தேன். இந்தப் பெண்ணுக்கு நத்தையின் நுனியை உடைத்து வைத்தவர்களும், இவள் இனி எப்படி உடைப்பாள் என்றுதானே யோசித்திருப்பார்கள்? அப்படி யோசித்து யாரோ வைத்துவிட்டுப் போன படையலின்மேல்தான் நான் பால் ஊற்றியிருக்கிறேன்.

முழு எலும்புக்கூட்டையும் முறையாக எடுத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக இரண்டு வாரம் வேண்டும் என்றார் தொல்லியல் படித்த பெண். மரபுடைமைத் துறைக்குத் தகவலும் கொடுத்துவிட்டார். எங்களிடம் இருந்ததோ நாலு நாள். சனிக்கிழமை காலையில் டைல்ஸ் ஒட்டும் குத்தகைக்காரர் சிமெண்டோடு வருகிறார். ஒருமுறை ஊற்றி ஒட்டிவிட்டால் அவள் கதை அதோடு முடிந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடை மாடியில் அவசரக் கூட்டம் போட்டோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் ரசத்தைக் குடித்து முடித்தார்.

"சமாதியை எவனாச்சும் தோண்டுவானா?"

"சமாதியே இல்லைங்க தலைவரே. அது பொம்பள."

"நீதானே சித்தர்னு சொன்ன? மினிட்ஸ்ல நீயே எழுதியிருக்க. எடுத்துப் படிடா."

எடுத்துப் படித்தேன். 'ஆராய்ந்ததில் சித்தர் சமாதி என உறுதியானது' என்று என் கையெழுத்தில்தான் இருந்தது. ஆராய்ந்ததில் என்ற சொல்லை எந்தத் துணிச்சலில் எழுதினேனோ!

"அது மேல பீடம் கட்டப் போறோம். சுத்தி டைல்ஸ். ஊரெல்லாம் சொல்லியாச்சு. இன்னொண்ணு கேட்டுக்க. நம்ம கோயில் நிலம் நம்மளுதுன்னு சொல்ற கிராண்ட் கிடையாது. கையில ஒரு தாள் கிடையாது. ஆராய்ச்சின்னு கவர்மெண்ட் உள்ள வந்து கயிறு கட்டினா, நாளைக்கு நம்ம அம்மனைப் பார்க்க நம்மளே டிக்கெட் வாங்கணும். உனக்குப் பரவாயில்லையா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு இன்றுவரை ஆத்திரமூட்டுகிறது. ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. கல்லுடைக்க வந்தவர்கள் வைத்த அம்மன், இத்தனை தலைமுறைக்குப் பிறகும் ஒரு தாள் இல்லாமல் பயந்துகொண்டு இருக்கிறாள். அந்தப் பயத்துக்கு ஒரு பழைய பெண்ணைச் சிமெண்டில் புதைப்பதா பரிகாரம்? கேட்டேன். வாக்கெடுப்பு வைத்தார்கள். எட்டுக்கு ஒன்று. பாயசம் வந்தது.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு அறுபது எழுபது பேர் இருந்தார்கள். தலைவர் மைக்கில் சித்தர் பீடத்தைப் பற்றி முழங்கினார். அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது நான் மைக்கைப் பிடுங்கினேன். இழுத்த வேகத்தில் மைக் பல்லில் இடித்து, என் உரை 'டொக்' என்றுதான் ஆரம்பித்தது.

"அது சித்தர் இல்லைங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அது ஒரு பொம்பளை. இந்தக் குகையில நமக்கெல்லாம் முன்னால இருந்த ஆளுங்க, அவங்களுக்குப் பிடிச்சதைக் கைகிட்ட வச்சு அடக்கம் பண்ணியிருக்காங்க. நாளைக்குச் சிமெண்ட் ஊத்தப் போறோம்."

ஒரே கூச்சல். 'அப்போ எங்ககிட்ட பொய் சொன்னியா?' என்று ஒருவர். 'அம்மன் கண்ணைக் குத்தும்' என்று இன்னொருவர். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, தினமும் கோலம் போட வருகிறவர், எழுந்து நின்றார்.

"பொம்பளையா?"

"ஆமாக்கா."

"அப்ப ஒன்பது ஆம்பளைங்க சுத்தி நின்னு அந்தப் பொம்பள மேல பாலை ஊத்தினீங்களா?"

ஒன்பது பேரும் ஒன்பது திசையில் பார்த்தோம்.

"இப்ப மேல டைல்ஸ் வேற ஒட்டப் போறீங்க. அது என்ன பாத்ரூமா? படிச்ச பொண்ணு மரியாதையா எடுத்துட்டுப் போறேங்குது. விடுங்கய்யா!"

சனிக்கிழமை குத்தகைக்காரர் வந்தபோது அக்காவும் இன்னும் பத்துப் பெண்களும் குகையின் பின்பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். "பாஸ், இன்னைக்கு வேலை இல்லை, போயிட்டு வாங்க" என்றார் அக்கா. குத்தகைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வெங்காயத்தைப் பார்த்தேன். திங்கட்கிழமை துறையிலிருந்து கடிதம் வந்தது, ஆய்வுக்கு இரண்டு வாரம் யாரும் அந்த இடத்தைத் தொடக்கூடாது என்று. கயிறும் கட்டினார்கள். டிக்கெட் மட்டும் இன்னும் வரவில்லை.

அவளை முழுதாக எடுத்துவிட்டார்கள். அதோடு முடிந்திருந்தால் நான் இதைப் பெருமையாக எழுதியிருப்பேன்.

ஒரு மாதம் கழித்து தொல்லியல் படித்த அந்தப் பெண் என்னை ஆய்வுக்கூடத்துக்கு வரச்சொன்னார். பல்லில் படிந்த காரையைச் சுரண்டிப் பார்த்தால் கிழங்கு தின்றாளா, என்ன விதை தின்றாள் என்று கண்டுபிடிக்கலாமாம். பார்த்திருக்கிறார். அரிசி மாவு. எங்கள் அரிசி மாவு. பல்லைத் துடைத்த துண்டின் நூல்கூட அதில் இருந்தது. எந்த மாவு எப்போது வந்தது என்று இனிப் பிரிக்க முடியாதாம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

"ஒரு வழி இருக்கு அங்கிள். டிஎன்ஏ. நம்ம ஊர் வெயிலுக்குக் கிடைக்குமான்னே தெரியாது. கிடைச்சா, இவங்க யாருக்குச் சொந்தம்னு கொஞ்சம் தெரியும். ஆனா தொட்டவங்க எல்லாரோட டிஎன்ஏவும் மேல இருக்கும். உங்க எல்லார் எச்சிலும் வேணும். எது உங்களுதுன்னு பார்த்துக் கழிக்கணும்."

ஒரு சிறிய குழாய் கொடுத்தார். துப்பினேன். அவளைப் பற்றி ஒரு வரி தெரிந்துகொள்ள முதலில் என்னைக் கழிக்க வேண்டும் என்று ஆகிவிட்டதே என்ற எரிச்சலில் வாய் உலர்ந்து, குழாய் நிறைய அரைமணி ஆயிற்று. மற்ற ஏழு பேரிடமும் வீடு வீடாகப் போய் வாங்கினேன். தலைவர் மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். மண்டையோட்டைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிய ஆள்! மற்ற எட்டுப் பேரைச் சேர்த்தாலும் அவர் தொட்ட அளவு வராது.

பிரிக்பீல்ட்ஸ் கடையில் அவர் பல் குத்திப் போட்ட குச்சியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனேன். அந்தப் பெண் தொடவே இல்லை. "சம்மதம் கேட்காம எடுத்தா செல்லாது அங்கிள். கையெழுத்து வேணும். கேட்காம எடுத்துத்தானே எல்லாம் இப்படி ஆச்சு?" குச்சியைக் குப்பையில் போடச் சொன்னார். போட்டேன்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தலைவர் வீட்டு கேட்டில் போய் நிற்கிறேன். போன ஞாயிறும் நின்றேன்.

"ஒரு வாய் எச்சில்தானே தலைவரே. இத்தனை வருஷமா மைக்ல தெறிச்சதுல கால்வாசி இருக்காது."

"நான் சித்தரைத்தான் தொட்டேன். பொம்பளையை எல்லாம் தொடல."

"இப்படியே விட்டா அவ யாருன்னே தெரியாமப் போயிடும். நாமதானே கெடுத்தோம்!"

அவர் கேட்டுக்குப் பக்கத்தில் வந்தார். மனம் இளகிவிட்டது என்று நினைத்து நான் சட்டைப்பையிலிருந்து குழாயை எடுத்தேன்.

"ரிப்போர்ட்ல என் பேரைப் போடுவாங்களா?"

"போட மாட்டாங்க. 'கோயில் நிர்வாகி ஒருவர் ஒத்துழைக்கவில்லை'ன்னு மட்டும்தான் வரும்."

கொஞ்சம் யோசித்தார். முகத்தில் நிம்மதி பரவியது.

"அப்போ எல்லாரும் உன்னைத்தானே நினைப்பாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் கேட்டை ஓர் உதை விட்டேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது. குழாய் காலியாகத்தான் இருக்கிறது.